வீட்டுத் தையலுக்கு எந்த இயந்திரம்? சென்னைக் குடும்பங்களுக்கான ஓர் ஒப்பீடு

வீட்டிலேயே உடை தைப்பது என்று முடிவெடுத்து ஒருவர் தையல் இயந்திரக் கடைக்குள் நுழைந்தால், அவருக்கு முதலில் சொல்லப்படுவது இயந்திரத்தில் எத்தனை வகைத் தையல் இருக்கிறது என்பதுதான். 7 வகை, 13 வகை, 23 வகை, 100 வகை என்று எண்ணிக்கை ஏற ஏற விலையும் ஏறுகிறது. வாங்குபவரும் எண்ணிக்கை கூடினால் பயனும் கூடும் என்று நம்பிவிடுகிறார். ஆனால் சென்னையில் வீட்டுத் தையல் என்பது பெரும்பாலும் ரவிக்கை, சுடிதார், நைட்டி, உள்பாவாடை, குழந்தைகளின் கவுன், பட்டுப்பாவாடை, தலையணை உறை, சன்னல் திரை ஆகியவைதான். இவற்றின் வேலையில் மிகப் பெரும்பங்கு நேர்த்தையல் ஒன்றினாலேயே முடிந்துவிடுகிறது. எனவே எத்தனை தையல் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, வேறு மூன்று கேள்விகளைக் கொண்டு இயந்திரங்களை ஒப்பிடுவதே சரி என்பது என் கருத்து. நேர்த்தையல் எவ்வளவு சீராக விழுகிறது? மெதுவாக ஓட்டும்போது இயந்திரம் கைக்கு அடங்குகிறதா? பழுதானால் நம் பேட்டையிலேயே அதைச் சரிசெய்ய ஆள் உண்டா?

ஒப்பீட்டுக்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்றால் லைனிங் வைத்த ரவிக்கையை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் தைக்கும் உடைகளில் அதைவிடக் கடுமையான தேர்வு வேறில்லை. கழுத்து வளைவில் ஒவ்வொரு தையலாக நகர்த்த வேண்டும். உடலுக்குப் பொருந்த மடித்துத் தைக்கும் டாட்டின் முனையில் தையல் துணியின் விளிம்பை ஒட்டி மெல்லிதாக முடிய வேண்டும். கைக்குழியும் பக்கத் தையலும் சந்திக்கும் இடத்தில் மேல்துணியும் லைனிங்குமாக எட்டு அடுக்குவரை சேர்ந்துவிடும், அங்கே ஊசி தயங்காமல் இறங்க வேண்டும். பின்னாளில் உடம்பு பெருத்தால் பிரித்துவிடுவதற்காக உள்ளே துணி விட்டு இரண்டு மூன்று வரிசை அடிப்பது நம் வழக்கம். அந்த வரிசைகள் துணியைச் சுருக்காமல் இணையாக ஓடவும் வேண்டும். இவை அத்தனைக்கும் தேவைப்படுவது நேர்த்தையல் ஒன்றுதான். பட்டன் துளை எடுக்கும் வேலைகூட இல்லை, ரவிக்கைக்குக் கொக்கிதான்.

கடைகளில் கிடைப்பவற்றை நான்கு பிரிவாகப் பிரிக்கலாம். பழைய கறுப்பு நிற வார்ப்பிரும்பு இயந்திரம் ஒன்று. மேசைமேல் வைத்து, இடமும் வலமுமாக வளைந்து செல்லும் ஜிக்ஜாக் தையலும் போடும் மின் இயந்திரம் ஒன்று. அதன் கணினி வடிவம் ஒன்று. ஆயத்த ஆடை ஆலைகளில் இருக்கும் பவர் மிஷின் ஒன்று. கையடக்கமான குட்டி இயந்திரங்கள் இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. பேட்டரியில் ஓடும் அவற்றின் மோட்டாருக்கு லைனிங் ரவிக்கையின் கைக்குழியைத் தாண்டும் வலு கிடையாது. கையில் பிடித்துத் தைக்கும் வகையோ ஒற்றை நூல் சங்கிலித் தையல் போடுவது. முனை அவிழ்ந்தால் முழு வரிசையும் உருவிக்கொண்டு வந்துவிடும். உடை தைப்பதற்கு அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

கறுப்பு இயந்திரத்திலிருந்து தொடங்குவோம். உஷா, சிங்கர், மெரிட் என்ற பெயர்களிலும், லூதியானாவில் தயாராகும் பல சிறு பெயர்களிலும் இது கிடைக்கிறது. 1851இல் அமெரிக்காவில் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற காலம் முதல் இன்றுவரை அடிப்படை ஒன்றுதான்: ஊசி கொண்டுவரும் மேல்நூலின் வளையத்துக்குள் கீழ்நூல் புகுந்து, இரண்டு நூலும் துணியின் நடுவில் பூட்டிக்கொள்கின்றன. இன்றைய இயந்திரங்களில் கீழேயுள்ள கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, கீழ்நூல் சுற்றிய பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. கறுப்பு இயந்திரத்தில் அந்தக் கொக்கி, அதாவது ஷட்டில், முழுச் சுற்று சுற்றாமல் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதனால் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆனால் உறுப்புகள் எளியவை, இரும்பால் ஆனவை, கழற்றி மாட்டக் கூடியவை. பாபின் கேஸின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகைக் கால் சுற்று திருப்பினால் கீழ்நூலின் இறுக்கம் மாறும். தைக்கக் கற்ற யாரும் ஒரு மாலையில் இதைப் பழகிக்கொள்ளலாம். உதிரிபாகம் கிடைக்காது என்ற பேச்சே இல்லை. பாரிமுனைப் பக்கம் மட்டுமல்லாமல், தையல் சாமான் விற்கும் பேட்டைக் கடைகளிலேயே பாபின் கேஸும் ஷட்டிலும் பெல்ட்டும் கிடைத்துவிடும்.

இதை ஓட்ட மூன்று வழிகள் இருக்கின்றன. கைப்பிடி வைத்த இயந்திரத்தில் வலக்கை சக்கரத்தைச் சுற்றுவதிலேயே போய்விடுகிறது. துணியை நடத்த இடக்கை மட்டுமே மிஞ்சும். கழுத்து வளைவுக்கு அது போதாது. கால் மிதியில் இரண்டு கையும் துணிக்கு வந்துவிடுகின்றன. ஒரு தையல் போட்டு நிறுத்து என்றால் நிற்கும், அரைத் தையலில் நிறுத்து என்றாலும் நிற்கும். இந்த அடக்கத்துக்கு ஈடாக எந்த மலிவு மோட்டாரும் வராது. கால் மிதிக்கு விலையாகக் கொடுக்க வேண்டியது பழக்கம்: மிதியைத் தவறான பக்கம் தள்ளினால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றி நூல் சிக்கிக்கொள்ளும், அந்தக் குழப்பம் விலகக் கொஞ்ச நாள் பிடிக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது ஏற்றதும் அல்ல. மூன்றாவது வழி, இயந்திரத்தின் பின்பக்கம் மினி மோட்டார் பொருத்திக்கொள்வது. ஆயிரத்துச் சொச்சம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும் செலவு இது. மலிவான மோட்டாருடன் வரும் மிதியில் தொடக்கம்தான் சிக்கல். மெல்ல அழுத்தினால் ஓசை மட்டும் வரும், இன்னும் சற்று அழுத்தினால் இயந்திரம் பாய்ந்துவிடும். நல்ல மின்னணு மிதியாகப் பார்த்து வாங்கினால் இந்தப் பாய்ச்சல் குறையும். கால் மிதியின் பெல்ட்டையும் கழற்றி எறியாமல் வைத்திருப்பது நல்லது. நீண்ட பக்கத் தையல்களுக்கு மோட்டாரையும், கழுத்து வளைவுக்குக் காலையும் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

கறுப்பு இயந்திரத்தின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதில் ஜிக்ஜாக் கிடையாது. அதனால் துணியின் வெட்டு விளிம்பு பிசிறாமல் காக்கவும், காஜா (பட்டன் துளை) எடுக்கவும், நீளும் பின்னல் துணியைத் தைக்கவும் வேறு வழி தேட வேண்டும். தலைப்பகுதி மட்டும் பத்து கிலோவைத் தாண்டும். ஸ்டாண்டோடு சேர்த்தால் வீட்டில் ஒரு மூலையை நிரந்தரமாக அதற்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. அதே ஸ்டாண்டுக்கு ஒரு நன்மையும் உண்டு. இயந்திரம் மேசைக்குள் இறங்கி உட்காருவதால் தைக்கும் பரப்பும் மேசைப் பரப்பும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ஆறு கஜத் திரைத்துணியோ பட்டுப்பாவாடையின் சுற்றோ இழுபடாமல் அதன்மேல் கிடக்கும்.

ஜிக்ஜாக் மின் இயந்திரத்தில் இந்த மட்டம் வாய்ப்பதில்லை. சாப்பாட்டு மேசைமேல் அதை வைத்தால் தைக்கும் பரப்பு மேசையைவிடப் பல அங்குலம் உயர்ந்துவிடுகிறது. தோளைத் தூக்கியபடியே தைத்துவிட்டு இரவில் கழுத்து வலிக்கிறது என்று சொல்பவர்கள் பலர். சற்று உயரமான நாற்காலியோ, தாழ்ந்த மேசையோ இருந்தால் இது தீர்ந்துவிடும். ஜிக்ஜாக் இயந்திரத்தின் பலம் வேறு இடங்களில் இருக்கிறது. முன்பக்கப் பலகையைக் கழற்றினால் ஒடுங்கிய கை போன்ற பகுதி வெளியே வரும். ரவிக்கைக் கையின் விளிம்பையும் குழந்தையின் கால்சட்டை விளிம்பையும் அதில் வளையம் போல மாட்டித் தைக்கலாம். ஐந்தாறு கிலோ எடைதான் என்பதால் வேலை முடிந்ததும் அலமாரிக்குள் தூக்கி வைத்துவிடலாம். எலாஸ்டிக் வைக்க, காஜா எடுக்க, விளிம்பைப் பிசிறாமல் மூட வேறு இயந்திரத்தைத் தேட வேண்டியதில்லை. 60 முதல் 85 வாட் வரையே மின்சாரம் எடுக்கும் என்பதால் வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓடும்.

இந்தப் பிரிவில் உஷா ஜனோம் ட்ரீம் ஸ்டிச்சில் 7 வகைத் தையலும், அதே நிறுவனத்தின் அல்யூரில் 13 வகையும், பிரதர் ஜேஏ1400இல் 14 வகையும், சிங்கர் ஹெவி டியூட்டி 4423இல் 23 வகையும் உள்ளன. இந்த எண்ணிக்கையில் அலங்காரத் தையல்களும் அடக்கம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இலைக் கொடியையும் பிறை வரிசையையும் வாங்கிய புதிதில் ஒரு கைக்குட்டையில் போட்டுப் பார்ப்பதோடு பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். உண்மையில் பயன்படுபவை நேர்த்தையல், ஜிக்ஜாக், மூன்று புள்ளி ஜிக்ஜாக், நீட்சித் தையல், காஜா ஆகிய ஐந்துதான். ஆகவே இரண்டு மாடல்களுக்கு இடையே மூவாயிரம் நாலாயிரம் ரூபாய் வித்தியாசம் இருந்தால், அது எதற்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். தையலின் நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே விருப்பம்போல் மாற்றும் வசதிக்கும், காஜாவை ஒரே ஓட்டத்தில் முடிக்கும் வசதிக்கும், துணியை மேலிருந்து பிடிக்கும் அழுத்தியின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதிக்கும் பணம் கொடுக்கலாம். மலிவு மாடல்களில் தையல் நீளமே நிலையாகக் கட்டப்பட்டிருப்பதுண்டு. சுருக்கு வைக்க நீண்ட தையலும், டாட் முனைக்குக் குறுகிய தையலும் வேண்டியிருக்கும்போது அது பெரிய குறை.

ஜிக்ஜாக் இயந்திரம் தடுமாறும் இடம் தடித்த மடிப்பு. உடல் இலேசு, மோட்டார் சிறிது, உள்ளே சில பற்சக்கரங்கள் நைலான். மெல்லிய துணியிலிருந்து கைக்குழிக் குவியலில் ஏறும்போது அழுத்தி முன்பக்கம் தூக்கிக்கொண்டு சாய்ந்துவிடும். துணியை நகர்த்தும் கீழ்ப்பற்களுக்குத் துணியின் பிடி கிடைக்காமல் ஒரே இடத்தில் தையல் குவிந்துவிடும். அதே கனத்துக்கு ஒரு துணித்துண்டை மடித்து அழுத்தியின் பின்பக்கத்துக்குக் கீழே வைத்து மட்டப்படுத்தினால் தாண்டிவிடலாம். இந்த வகையில் 4423 கொஞ்சம் வேறுபட்டது: உலோகச் சட்டமும் வலுவான மோட்டாரும் கொண்டு நிமிடத்துக்கு 1,100 தையல்வரை போடும். ஜீன்ஸ் அடிப்பகுதியை மடித்துத் தைப்பது அடிக்கடி வரும் வீட்டுக்கு அது பொருந்தும். கழுத்து வளைவே பயமாக இருக்கும் புதியவருக்கு அந்த வேகம் உதவாது.

பாபின் வைக்கும் முறையிலும் இரண்டு வகை இருக்கிறது. முன்பக்கமாக பாபின் கேஸோடு செருகும் வகையில் கறுப்பு இயந்திரத்தைப் போலவே கொக்கி ஆடுகிறது. மேலிருந்து போடும் வகையில் கொக்கி முழுதாகச் சுற்றுகிறது. இரண்டாவதில் ஓசை குறைவு, கண்ணாடி மூடி வழியாக நூல் தீர்வதைப் பார்க்கலாம், நூல் பாதி வரிசையில் தீர்ந்துபோகும் எரிச்சல் குறையும். முதலாவதில் கீழ்நூலின் இறுக்கத்தை நாமே எளிதில் மாற்றலாம். புதியவருக்கு மேலிருந்து போடும் வகையையே பரிந்துரைப்பேன்.

கணினி இயந்திரத்தைப் பற்றி நம் ஊரில் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. அது கற்றுத் தேர்ந்தவர்களுக்கானது என்பது ஒன்று. அதில் ரவிக்கை எம்பிராய்டரி எல்லாம் போடலாம் என்பது மற்றொன்று. முதலாவது நேர்மாறானது. பிரதர் எஃப்எஸ்101 போன்ற இயந்திரத்தில் 100 வகைத் தையல் இருப்பது அவ்வளவு முக்கியமல்ல. வேகத்தின் உச்ச எல்லையை ஒரு தள்ளுவிசையால் குறைத்து வைத்துவிடலாம் என்பதும், நிறுத்தும்போதெல்லாம் ஊசி துணிக்குள்ளேயே இறங்கி நிற்கச் செய்யலாம் என்பதும்தான் அதன் பயன். கால் மிதி பழகாத புதியவர் கழுத்து வளைவைத் தைக்க இந்த இரண்டும் பெரிய துணை. இரண்டாவது எண்ணமும் தவறானது: வட்டச் சட்டம் பூட்டித் தானே பூ வேலை செய்யும் எம்பிராய்டரி இயந்திரம் வேறு பிரிவு, அதன் விலையும் பன்மடங்கு. கல்யாண ரவிக்கைகளில் நாம் பார்க்கும் ஆரி வேலையோ மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக் கொக்கி ஊசியால் கையில் செய்யப்படுவது. அதற்கு எந்தத் தையல் இயந்திரமும் மாற்று ஆகாது.

விலை என்று வந்தால் கணினி இயந்திரம் இருபத்தைந்தாயிரம் ரூபாய் அளவில் தொடங்குகிறது. கறுப்பு இயந்திரம் ஸ்டாண்டோடு ஏறத்தாழ ஏழாயிரம் முதல் பத்தாயிரம் வரையும், ஜிக்ஜாக் இயந்திரம் பெரும்பாலும் ஒன்பதாயிரம் முதல் பதினைந்தாயிரம் வரையும் வரும். கணினி இயந்திரத்தின் மின்னணுப் பலகை பழுதானால் பேட்டை மெக்கானிக் கை வைக்க முடியாது, நிறுவனத்தின் சேவை மையத்துக்குத்தான் தூக்கிப் போக வேண்டும். மழைக்கால ஈரமும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் அந்தப் பலகைக்கு ஆகாதவை. தைக்காத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வைப்பது இங்கே வெறும் அறிவுரை அல்ல, அவசியம்.

பவர் மிஷின் பற்றிச் சொல்லும்போது சற்று நிதானம் வேண்டும், ஏனெனில் அதன் நேர்த்தையலைப் பார்த்தவருக்கு வேறொன்றும் பிடிக்காமல் போய்விடும். ஜூகி டிடிஎல்-8700 நிமிடத்துக்கு 5,500 தையல்வரை போடக் கூடியது; வீட்டுக்கு அந்த வேகம் தேவையில்லை. ஆனால் அந்த வேகத்துக்காகக் கட்டப்பட்ட துல்லியம் மெதுவான ஓட்டத்திலும் தெரிகிறது. முழங்காலால் தள்ளி அழுத்தியைத் தூக்கலாம் என்பதால் மூலை திருப்பும்போது கை துணியை விட்டு அகல வேண்டியதில்லை. அப்படித் தூக்கும்போது 13 மில்லிமீட்டர்வரை இடைவெளி கிடைக்கும், எட்டு அடுக்கெல்லாம் அதற்குப் பொருட்டல்ல. எண்ணெய்த் தொட்டியிலிருந்து தானே எண்ணெய் ஏறிக்கொள்ளும். வாங்குவதானால் சர்வோ மோட்டார் வைத்ததையே வாங்க வேண்டும். பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் உறுமிக்கொண்டே மின்சாரம் குடிக்கும். சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டுமே ஓடும், அதன் வேகத்தையும் வேண்டிய அளவுக்குக் குறைத்து வைக்கலாம்.

இதற்கு எதிராக நிற்பவை இடமும் எடையும். மேசை நாலடி நீளம், ஒன்றேமுக்கால் அடி அகலம். தலை மட்டும் இருபத்தைந்து கிலோவுக்கு மேல். அடுக்குமாடியில் இரவு பத்து மணிக்கு இதை ஓட்டினால் கீழ்வீட்டில் இருப்பவர் மேலே வந்து கதவைத் தட்டுவார். இதுவும் நேர்த்தையல் மட்டுமே போடும். வீட்டு இயந்திரங்களும் கறுப்பு இயந்திரமும் எச்ஏ×1 என்ற தட்டைத் தண்டு ஊசியை எடுக்க, இது டிபி×1 என்ற உருண்டைத் தண்டு ஊசியை எடுக்கும். ஒன்றின் ஊசி மற்றொன்றுக்கு ஆகாது. அக்கம்பக்கத்தாருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் எண்ணம் இருப்பவருக்குப் பவர் மிஷின் மிகச் சரியான முதலீடு. தன் குடும்பத்துக்கு மட்டும் மாதம் இரண்டு மூன்று உடை தைப்பவருக்கு அது மிகை.

தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் வாங்கும் முன் அரசுத் திட்டங்களையும் பார்த்துவிட வேண்டும். தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், ஆதரவற்ற பெண்கள் உள்ளிட்டோருக்கானது. மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் பொருத்திய இயந்திரம் தரும் திட்டம் தனியே இருக்கிறது. 2023இல் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் தையலும் ஒன்று. அதில் கருவிகளுக்காக 15,000 ரூபாய்வரை உதவி உண்டு. ஆனால் அதை அதே வடிவில் செயல்படுத்தப்போவதில்லை என்று தமிழக அரசு 2024இல் அறிவித்ததால், இங்கே கிடைக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

இனி ஓவர்லாக். தைத்த உடையின் உட்பக்கம் கடைத்துணி போல இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் முதல் இயந்திரத்தோடு சேர்த்தே வீட்டு ஓவர்லாக் ஒன்றையும் விசாரிக்கிறார்கள். விளிம்பைக் கத்தியால் சீவிக்கொண்டே மூன்று அல்லது நான்கு நூலால் சுற்றிக் கட்டும் அதன் வேலையை ஜிக்ஜாக் முழுதாக ஈடுசெய்யாது என்பது உண்மை. ஆனால் சென்னையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் “ஓவர்லாக், பீகோ, ஃபால்ஸ்” என்று பலகை மாட்டிய ஒரு சிறு கடை இருக்கிறது. வெட்டிய துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நின்ற நிலையிலேயே விளிம்பு அடித்துத் தந்துவிடுவார்கள், காஜாவும் அப்படியே. மாதத்துக்கு ஒன்றிரண்டு உடை தைக்கும் வீட்டுக்கு, பதினைந்தாயிரத்துக்கு மேல் கொடுத்து, நூல் கோப்பதே ஒரு வித்தையாக இருக்கும் அந்த இயந்திரத்தை வாங்குவதைவிட இந்தக் கடையே மேல். கறுப்பு இயந்திரத்தில் ஜிக்ஜாக் இல்லை என்ற குறையின் பாதியை இந்தக் கடைகள் தீர்த்துவிடுகின்றன என்பதும் இங்கே கவனிக்க வேண்டியது. இத்தகைய வசதி இல்லாத ஊருக்காக எழுதப்பட்ட பரிந்துரைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

மிஞ்சும் பாதி பின்னல் துணி. டிஷர்ட், லெகின்ஸ், உள்ளாடை போன்ற இழுத்தால் நீளும் துணியில் சாதாரண நேர்த்தையல் அறுந்துவிடும். அங்கே ஒடுங்கிய ஜிக்ஜாக்கோ நீட்சித் தையலோ, முனை உருண்ட ஊசியோடு, கட்டாயம் வேண்டும். ஆக முடிவு இந்த இடத்தில்தான் திரும்புகிறது. இந்த வெயிலில் வீட்டில் தைத்து உடுப்பது பருத்தியும், விசேஷத்துக்குப் பட்டும்தான் என்றால் கறுப்பு இயந்திரம் போதும். குழந்தைகளுக்குப் பின்னல் துணி உடைகளைத் தைக்கும் ஆசை உண்மையிலேயே இருந்தால் ஜிக்ஜாக் வாங்க வேண்டும். ஆசை இருக்கலாம் என்ற ஊகத்துக்காக வாங்க வேண்டாம்.

சென்னையின் காற்றும் கணக்கில் வர வேண்டும். திருவல்லிக்கேணி, ராயபுரம், பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்பை விடாது. கறுப்பு இயந்திரத்தில் ஊசித் தண்டும் ஷட்டில் பகுதியும் துருப்பிடிக்காமல் இருக்க, தைத்து முடித்ததும் பஞ்சுத் தூசியைத் தட்டி, மிஷின் எண்ணெய் ஓரிரு சொட்டு விட்டு, உறை போட்டு மூட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது நாளடைவில் பிசுக்காகித் தூசியோடு சேர்ந்து இயந்திரத்தை இறுக்கிவிடும். ஜிக்ஜாக் இயந்திரங்களில் வெளியே துருப்பிடிக்க அதிகம் இல்லை. ஆனால் எங்கே எண்ணெய் விடலாம், எங்கே விடக் கூடாது என்பதைக் கையேட்டில் பார்த்தே செய்ய வேண்டும். மாதப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பகல் 2 மணிவரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் கால் மிதி வைத்திருப்பவரின் வேலை மட்டும் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் புகும் தரைத்தள வீடு என்றால், தூக்கி மேலே வைக்க முடிகிற இயந்திரமே நல்லது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நனைந்துபோன வீட்டுச் சாமான்களை நினைத்தால் இது மிகையான எச்சரிக்கை ஆகாது.

புதிதாக வாங்கும் முன் வீட்டுப் பரணையும் ஒருமுறை பார்த்துவிடலாம். கல்யாணச் சீர்வரிசையில் வந்த பழைய சிங்கரோ உஷாவோ துணி மூடிக் கிடக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் கவலையில்லை, பழைய எண்ணெய் காய்ந்திருக்கும், மண்ணெண்ணெயில் கழுவிப் புது எண்ணெய் விட்டால் இளகிவிடும். ஊசித் தண்டு பக்கவாட்டில் ஆடினாலோ, ஷட்டில் ஓடும் தடத்தில் ஆழமான துருக்குழி இருந்தாலோதான் யோசிக்க வேண்டும். நல்ல மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துத் தேய்ந்த பாகங்களை மாற்றினாலும் புதியதன் விலையில் சிறு பகுதிதான் ஆகும். ஆலைகள் கழித்த பவர் மிஷின்களைப் பழைய விலைக்கு வாங்குவது இதைவிட அபாயமானது. பல ஷிஃப்ட் ஓடித் தேய்ந்த கொக்கியை வெளிப்பார்வையில் கண்டுபிடிக்க முடியாது.

எதை வாங்கினாலும் கடையில் அவர்கள் வைத்திருக்கும் விறைப்பான வெள்ளைத் துணியில் தைத்துக் காட்டுவதை நம்பக் கூடாது. அந்தத் துணியில் எந்த இயந்திரமும் அழகாகவே தைக்கும். லைனிங் சேர்த்த ரவிக்கைத் துண்டு, மெல்லிய பட்டு அல்லது ஜார்ஜெட் துண்டு, பழைய டிஷர்ட் துண்டு, நாலாக மடித்த ஜீன்ஸ் துண்டு ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். மேலே சிவப்பு நூலும் கீழே வெள்ளை நூலும் கோக்கச் சொல்ல வேண்டும். மேற்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகளோ அடிப்பக்கத்தில் சிவப்புப் புள்ளிகளோ தெரிந்தால் இறுக்கம் சரியில்லை. திருகை மாற்றிச் சரிசெய்ய முடிகிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். பிறகு மிதியை மிக மெல்ல அழுத்தி, ஒரு ரூபாய் நாணயத்தைச் சுற்றி வரைந்த வட்டத்தின்மேல் தைத்துப் பார்க்க வேண்டும். அந்த வட்டத்தில் இயந்திரம் பாயாமல் வந்தால் கழுத்து வளைவிலும் வரும். விற்பவர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போகலாம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இதுதான். ஸ்டாண்டு போட இடமும், பேட்டையில் ஒரு மெக்கானிக்கும் இருக்கும் வீட்டுக்குக் கால் மிதியோடு நல்ல மோட்டாரும் பொருத்திய கறுப்பு இயந்திரம் முதல் தேர்வு. பேட்டைத் தையல் வகுப்புகளிலும் பெரும்பாலும் அதில்தான் பழக்குகிறார்கள் என்பதால் கற்றது அப்படியே கைகொடுக்கும். இடம் இல்லாதவருக்கும், அடிக்கடி வீடு மாறுபவருக்கும், பின்னல் துணி தைப்பவருக்கும் தையல் நீளத்தை மாற்றும் வசதியுள்ள ஜிக்ஜாக் இயந்திரம். கணினி இயந்திரம் பணம் தாராளமாக உள்ள புதியவருக்கு மட்டும்.

தேர்வு எதுவானாலும், கையிலுள்ள தொகை முழுவதையும் இயந்திரத்திலேயே போட்டுவிடாமல் இரண்டாயிரம் ரூபாயாவது ஒதுக்கி வைக்க வேண்டும். துணிக்கென்றே ஒரு பத்து அங்குலக் கத்தரிக்கோல், அதைக் காகிதத்தில் படவிடாமல் காக்க இன்னொரு மலிவுக் கத்தரிக்கோல், கனமான இஸ்திரிப் பெட்டி, தையல் பிரிக்கும் கருவி, தரமான நூல் ஆகியவற்றுக்கு அது போய்விடும். ஒவ்வொரு தையலையும் போட்டவுடன் இஸ்திரி போடாவிட்டால் விலையுயர்ந்த இயந்திரத்தில் தைத்த ரவிக்கையும் கசங்கலாகவே தெரியும். ஊசியில் மிச்சம் பிடிப்பது இன்னும் தவறு: பட்டுக்கும் ஜார்ஜெட்டுக்கும் 9 அல்லது 11, பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18 என்று அளவு பார்த்து வாங்கி, ஏறத்தாழ எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். தையல் விட்டு விட்டு விழுகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் செய்ய வேண்டிய முதல் வேலையும் ஊசியை மாற்றிப் பார்ப்பதுதான்.